டிசம்பர் சேற்றுக்கு எந்த டயர்?

தென் இங்கிலாந்தின் சர்ரே மலைப் பக்கம் பனி கொட்டுவது அபூர்வம். குளிர்காலம் முழுக்கச் சேறுதான். நவம்பரில் ஊறிய காட்டுப் பாதை பல இடங்களில் மார்ச் வரை காயாது. மவுண்டன் பைக்குக்கு டயர் வாங்கப் போனால் கடையில் முதலில் பட்ஜெட்டைக் கேட்பார்கள். நீங்கள் ஓட்டுகிற இடத்தில் என்ன மண் என்று யாராவது கேட்டால் அவர் விவரமானவர்.

செய்ய வேண்டியவை

மண்ணைப் பார்த்து வாங்குங்கள். 294 மீட்டர் உயர லீத் ஹில்லும் பக்கத்து ஹோம்பரி ஹில்லும் மணற்பாறை. மழை விட்டதும் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். கோடை டயரே பல நாள் போதும். வடக்கே பாக்ஸ் ஹில்லில் சுண்ணாம்புப் பாறை, நனைந்தால் பாசி பிடித்த குளத்துப் படி. தெற்கே வீல்ட் சமவெளியில் இறங்கினால் சுத்தக் களிமண். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்றையும் மிதித்துவிடலாம், அதுதான் தலைவலி.

களிமண் என்றால் டயரின் மேல் துருத்தி நிற்கும் பட்டன்கள் உயரமாக, தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் கேழ்வரகுக் களி விரலிடுக்கில் அப்புவது போலச் சேறு இடைவெளியை அடைத்துவிடும். பிறகு என்ன டயர் போட்டிருந்தாலும் வழவழப்பான மண் வளையம்தான் உருளும். மேக்ஸிஸ் ஷார்ட்டி, ஷ்வால்பே மேஜிக் மேரி என்ற இரண்டு டயர்களையும் இந்தப் பக்கம் நிறையப் பார்க்கலாம்.

கையில் காசு குறைவா? முன் டயரை மட்டும் மாற்றுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி வாலாட்டும், சமாளித்துவிடலாம். முன் சக்கரம் போனால் யோசிக்க நேரம் இருக்காது. பின்னால் பட்டன் குட்டையான டயர் இருந்தால் மிதிக்கவும் லேசு.

ரப்பரைக் கவனியுங்கள். ஈர வேரிலும் பாறையிலும் பட்டன் எவ்வளவு உயரமானாலும் உள்ளே குத்தி இறங்க வழியில்லை. அங்கே பிடிப்பது ரப்பரின் மென்மை. குளிரில் ரப்பர் இறுகும் என்பதால் இது இன்னும் முக்கியம். கடையிலேயே ஓரத்துப் பட்டனைக் கட்டைவிரலால் வளைத்துப் பாருங்கள். ஷ்வால்பேயின் அடிக்ஸ் வரிசையில் வண்ணக் கோடு இருக்கும்: ஆரஞ்சு மென்மை, ஊதா மிக மென்மை. மென்மையானது சீக்கிரம் தேயும். அதனால் ஊதாவை முன்னால் மட்டும் போடுவேன்.

காற்றை வாசலில் வைத்து அளந்து பாருங்கள். 20 டிகிரி வீட்டுக்குள் 25 பிஎஸ்ஐ அடித்த டயர், வெளியே பூஜ்ய டிகிரியில் 22 சொச்சம்தான் காட்டும். பஞ்சர் ஒன்றும் இல்லை, குளிரில் காற்று சுருங்குகிறது.

செய்யக்கூடாதவை

‘எப்படியும் சேற்றில்தானே வீணாகப் போகிறது’ என்று தேய்ந்த டயரைக் குளிர்காலத்துக்கு ஒதுக்காதீர்கள். நானும் ஒரு வருடம் இந்தச் சிக்கனம் பிடித்தேன். சைக்கிளை லேசாகத் திருப்பும் இடம், குறுக்கே விரல் தடிமன் வேர் ஒன்று. அவ்வளவுதான். மணிக்கட்டு வீங்கி, இரண்டு வாரம் இடது கையால் சாப்பிட்டேன்.

ஆணி பதித்த டயரைச் சேற்றுக்கு வாங்காதீர்கள். அது பின்லாந்து மாதிரி நாட்டில் உறைபனிப் பாதைக்கானது.

அகலமாக இருந்தால் நல்லது என்று 2.6 அங்குலத்துக்குத் தாவாதீர்கள். சட்டத்துக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லையென்றால் சேறு அங்கேயே அரைபட்டுப் பெயின்ட்டைச் சுரண்டும். மெலிந்த டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு அடித்தரையைத் தொடும், 2.3, 2.4 அங்குலம் எனக்குச் சரியாக இருக்கிறது.

பிடிப்புக்காகக் காற்றை ஒரேயடியாக இறக்காதீர்கள். சுண்ணாம்பு மலைகளில் ஃபிளின்ட் என்கிற சிக்கிமுக்கிக் கல் கத்தி போலக் கிடக்கும். ஈர ரப்பர் இன்னும் சுலபமாக அறுபடும். பக்கச்சுவர் மெல்லிய டயரில் பிளவு விழுந்தால் ட்யூப்லெஸ் சீலண்டாலும் அடைக்க முடியாது.

பக்கச்சுவரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பார்க்காமல் மாட்டாதீர்கள். பார்த்து மாட்டியவர்களும் ஒருமுறை சரிபாருங்கள்.

மூன்று நாள் விடாமல் பெய்த பிறகு களிமண் பக்கம் போகவே போகாதீர்கள். எந்த டயரும் உதவாது, பாதையும் நாசமாகும். லீத் ஹில் மணலுக்குப் போய்விடுங்கள். உச்சியில் 18-ஆம் நூற்றாண்டுக் கோபுரம் ஒன்று நிற்கிறது. அதன் அடியிலுள்ள ஜன்னல் திறந்திருந்தால் சூடாக டீ கிடைக்கும்.