"பக் ஃபிக்ஸஸ்"னு மட்டும் எழுதினா போதுமா?

ஆப் அப்டேட் வரும்போது கீழே "பக் ஃபிக்ஸஸ்" என்று ரெண்டே வார்த்தை இருப்பதைப் பார்த்திருப்பீங்க. எந்த பக்? யாருக்கு வந்தது? ஒன்றும் தெரியாது. அது ஏன் போதாது என்பதற்கு லாக்4ஜே நல்ல பாடம்.

லாக்4ஜே, ஜாவா புரோகிராம்கள் லாக் எழுதப் பயன்படுத்தும் அப்பாச்சி லைப்ரரி. லாக்கில் பதிவாகும் வரிக்குள் ஒரு முகவரியைக் குறிப்பிட்ட வடிவில் நுழைத்துவிட்டால், சர்வர் அங்கே போய் கோடை எடுத்து வந்து ஓட்டிவிடும். 2021 டிசம்பரில் வெளியே தெரிந்த இந்த ஓட்டைக்கு லாக்4ஷெல் என்று பெயர். ஆபத்து மதிப்பெண் 10-க்கு 10!

அந்த ஒரே மாதத்தில் வந்த வெர்ஷன்கள்:

2.15.0: முதல் ஃபிக்ஸ். ஆனால் சில கான்ஃபிகரேஷன்களில் ஓட்டை முழுசா அடைபடலை.
2.16.0: மெசேஜ் லுக்கப்பையே தூக்கிட்டாங்க. ஜேஎன்டிஐ டீஃபால்ட்டாக ஆஃப்.
2.17.0: லுக்கப் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டே போய் கிராஷ் ஆகும் சிக்கலுக்குத் தீர்வு.
2.17.1: கான்ஃபிகரேஷன் ஃபைலை மாற்ற முடிந்தவர், ஜேடிபிசி அப்பெண்டர் வழியாக கோட் ஓட்டும் சிக்கலுக்குத் தீர்வு.

நாலுமே 2-ஆம் வெர்ஷனுக்குள்தான். நாலுக்கும் "செக்யூரிட்டி ஃபிக்ஸ்" என்று மட்டும் எழுதியிருந்தால், இன்னைக்கு ராத்திரியே மாத்தணுமா, திங்கட்கிழமை வரை தாங்குமா என்று ஒரு டீம் எப்படி முடிவெடுக்கும்? நம்பர் 'ஏதோ மாறியிருக்கு' என்று மட்டும்தான் சொல்லும். என்ன மாறியது என்பதைக் குறிப்புதான் சொல்லணும்.

இன்னொரு விஷயம். 2.15.0-வில் மிச்சமிருந்த ஓட்டைக்கு முதலில் 3.7 மதிப்பெண்தான் கொடுத்தாங்க. சர்வர் முடங்கும், அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். கோடே ஓட்ட முடியும் என்று தெரிந்ததும் 9.0 ஆகத் திருத்தினார்கள். உண்மை மாறினால் பழைய குறிப்பையும் திருத்தணும்.

நம்ம ஃபைனல் இயர் புராஜெக்டுக்கும் இதே கதைதான். கமிட் மெசேஜ் கூட வேலை செய்பவருக்கு, சேஞ்ச்லாக் பயன்படுத்துபவருக்கு. அதனால் கிட் லாகை அப்படியே காப்பி பண்ணி ஒட்டாதீங்க. நாலு கேள்விக்குப் பதில் எழுதுங்க: என்ன தப்பு இருந்தது? எந்த வெர்ஷன்களில்? யாருக்குப் பாதிப்பு? அப்டேட் பண்ணுபவர் வேறு எதையாவது மாற்றணுமா?

உதாரணமாக, "லாகின் இஷ்யூ ஃபிக்ஸ்டு" என்பதற்குப் பதிலாக:

"1.2.3: பாஸ்வேர்டில் ஸ்பேஸ் இருந்தால் லாகின் ஆகாத தவறு சரிசெய்யப்பட்டது. 1.2.0 முதல் 1.2.2 வரை இருந்தது. டேட்டாபேஸில் மாற்றம் தேவையில்லை."

மெர்ஜ் பண்ணும் அன்றைக்கே இதை எழுதிடுங்க. ரிவ்யூவுக்கு முந்தின நாள் உட்கார்ந்தால் எது எதுக்காக மாத்தினோம்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது.