பல்கலைக்கழகச் சிலம்பக் களமும் காண்போர் சுவையும் – மெய்ப்பாட்டியல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கோயில் விழாக்களிலும் ஊர்த் திடல்களிலும் நிகழ்ந்துவந்த சிலம்பம் இன்று கல்லூரி, பல்கலைக்கழக விளையாட்டுக் களங்களில் இடம்பெற்றுள்ளது. களம் மாறியபோது காண்போரும் மாறினர். தற்காப்புக் கலைப் போட்டி காண்போரை ஈர்ப்பதற்குரிய காரணங்களைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலையும் புறநானூற்றின் ஆமூர் மற்போர்ப் பாடல்களையும் அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. சார்பு காண்போரைக் களத்திற்கு அழைத்துவருகிறது. ஆட்டம் கண்ணுக்குப் புலப்படுதலே அவர்களை அங்கு இருத்துகிறது என்பது இதன் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: சிலம்பம், காண்போர், மெய்ப்பாடு, தொடுமுறை, ஆமூர் மற்போர், வரதராஜன்பேட்டை.

முன்னுரை

சிலம்பம் அண்மைக் காலத்தில் அரசு ஏற்பைப் பெற்ற கலை. 2021ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தன் வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு வழங்கும் 3 விழுக்காடு இடஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்த்தது. 2022 சூனில் பஞ்ச்குலாவில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் களரிப்பயிற்று, கட்கா, தாங்-தா, மல்லகம்பம் ஆகியவை இடம்பெற்றன. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் அவ்விளையாட்டுகள் நடைபெற்றபோது சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் அதற்கு இடமுண்டு.

இவ்வேற்பினால் போட்டி முடிவுக்குப் புதிய பொறுப்பு ஒன்று சேர்ந்துள்ளது. ஊர்த் திடலில் வென்றவருக்குப் பரிவட்டமும் பாராட்டும் கிடைத்தன. இன்று வெற்றிச் சான்றிதழ் ஒரு மாணவரின் வேலைவாய்ப்போடு தொடர்புடையது. ஆகவே, எவர் வென்றார் என்பது நடுவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. சூழ்ந்து நிற்போருக்கும் தெரிய வேண்டும். காண்போர் குறித்த ஆய்வு இதனால் சுவை பற்றிய ஆய்வாக மட்டுமன்றி, நடுவுநிலை பற்றிய ஆய்வாகவும் அமைகிறது.

காண்போரும் மெய்ப்பாடும்

மெய்ப்பாட்டியலுக்கு உரைவகுத்த இளம்பூரணர், செயிற்றியனார் கருத்தாக ஒரு விளக்கத்தை எடுத்துக்காட்டுகிறார். நிகழ்த்துவோன் செய்தது காண்போரைச் சென்றடைதலே மெய்ப்பாடு என்பது அதன் பொருள். நிகழ்த்துவோனின் திறன் எத்துணைப் பெரிதாயினும், அது காண்போரை எய்தாதவிடத்து மெய்ப்பாடு பிறப்பதில்லை. கூத்திற்குக் கூறப்பட்ட இவ்விளக்கம் போர்க்கலைக் களத்திற்கும் பொருந்தும்.

தொல்காப்பியர் பெருமிதம் பிறக்கும் நிலைக்களன்களாகக் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கனைக் கூறுகிறார். இவற்றுள் முதலிரண்டும் சிலம்பக் களத்தில் நேரடியாகக் காணத்தக்கவை. பிழையின்றி அடிவரிசை வைத்து வீடு கட்டுபவரிடம் கல்வி வெளிப்படுகிறது. வீசிவரும் கம்பின் எதிரே கண்ணிமைக்காது நிற்பவரிடம் தறுகண் வெளிப்படுகிறது.

மெய்ப்பாட்டியலின் மற்றொரு பகுப்பு இவ்வாய்வுக்கு மேலும் இன்றியமையாதது. உவகைக்குரிய நான்கனுள் ஒன்று விளையாட்டு; வெகுளிக்குரிய நான்கனுள் ஒன்று அலை. அலை என்பதற்கு அடித்து வருத்துதல் உள்ளிட்ட செயல்களை உரையாசிரியர்கள் பொருளாகக் கொள்வர். கம்பால் அடித்தல் என்னும் ஒரே செயல், நெறியின்றி நிகழ்ந்தால் வெகுளியையும் நெறியுடன் நிகழ்ந்தால் உவகையையும் தோற்றுவிக்கும். சலாம் வரிசை, நடுவர், எல்லைக்கோடு, காப்பணி ஆகியவை அலையை விளையாட்டாக மாற்றுகின்றன. இம்மாற்றத்தைக் கண்ணெதிரே காண்பதே தற்காப்புக் கலைப் போட்டியின் முதற்கவர்ச்சி எனலாம். அடி விழக்கூடும் என்ற அச்சமும், அது அளவிறந்து விழாது என்ற நம்பிக்கையும் காண்போர் உள்ளத்தில் ஒருங்கே நிற்கின்றன.

ஆமூர்க் களத்தின் காண்போர்

சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூரில் மல்லன் ஒருவனுடன் பொருது வென்றதைப் புறநானூற்றின் 80, 81, 82ஆம் பாடல்களில் சாத்தந்தையார் பாடுகிறார். 83, 84, 85ஆம் பாடல்கள் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை. இவ்வாறு பாடல்களும் களத்திற்கு வெளியே நின்று நோக்கும் காண்போரின் நிலையிலிருந்து எழுந்தவை என்பது கருதத்தக்கது.

80ஆம் பாடலில் சாத்தந்தையார் மல்லனை மடக்கிய பிடியை உறுப்பு உறுப்பாகக் காட்டுகிறார். ஒரு கால் மார்பில் ஊன்றியதையும் மறுகால் பின்புறம் வளைந்து தடுத்ததையும் தனித்தனியே சொன்ன பின்னரே, மூங்கிலைத் தின்ன முயலும் பசித்த யானையை உவமையாக்குகிறார். இக்காட்சியைத் தித்தன் காண வேண்டும் என்ற விழைவும் அப்பாடலில் உள்ளது. வெற்றியை உரியவர் ஒருவர் பார்த்தாலன்றி அது நிறைவுறாது என்னும் எண்ணம் இதில் புலனாகிறது.

82ஆம் பாடல் விரைவைப் பற்றியது. ஊரில் விழா, மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்யும் மாலை. இத்தனை நெருக்கடிக்கு இடையே கட்டில் பின்னும் தொழிலாளியின் கையிலுள்ள ஊசி எத்துணை விரைவாகச் செல்லுமோ, அத்துணை விரைவாகப் போர் முடிந்ததாம். கண் தொடர இயலாத விரைவை, அனைவரும் அறிந்த தொழில் ஒன்றின் வாயிலாகப் புலவர் காண்போருக்கு உரியதாக்குகிறார்.

85ஆம் பாடல் காண்போர் திரளையே பாடுபொருளாக்குகிறது. பொருதவனுக்கு அவ்வூரும் அந்நாடும் சொந்தமல்ல. ஆதலால் வெற்றி அவனுக்கே என்று ஒரு சாராரும், அன்று என்று மற்றொரு சாராரும் கூறுகின்றனர். தலைவியோ தன் சிலம்பு ஒலிக்க ஓடிவந்து, தன் இல்லத்துப் பனையைச் சார்ந்து நின்று, அவன் வெற்றியைத் தன் கண்ணால் காண்கிறாள். இரு சாராரின் சொற்களுக்கு நடுவே தன் காட்சியையே அவள் சான்றாக்குகிறாள். சார்பு திரளைப் பிரிக்கிறது. காட்சி ஐயத்தைத் தீர்க்கிறது. கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் தத்தம் கல்லூரியின் பெயர் சொல்லி முழங்கும் மாணவர் திரளுக்கு இதனினும் பழைய இலக்கியச் சான்று தேட வேண்டுவதில்லை.

சிலம்பப் போட்டியின் இரு வடிவங்கள்

இன்றைய சிலம்பப் போட்டிகளை இரு பெரும் பிரிவுகளாகக் கொள்ளலாம். ஒற்றைக்கம்பு வீச்சு, இரட்டைக்கம்பு வீச்சு, சுருள்வாள், வேல்கம்பு, மான்கொம்பு முதலியன தனித்திறன் பிரிவின. இருவர் எதிரெதிர் நின்று பொருவது தொடுமுறை. இதில் எதிராளியின் உடலைக் கம்பு தொட்ட எண்ணிக்கையே வெற்றியை முடிவுசெய்கிறது.

தனித்திறன் பிரிவு காண்போரை எளிதில் எய்துகிறது. கம்பு காற்றைக் கிழிக்கும் ஒலியும் அது வரையும் வட்டமும் கலையறியாதவருக்கும் மருட்கையைத் தருகின்றன. தொடுமுறையின் நிலை வேறு. தொடுதல் நொடிப்பொழுதில் நிகழ்ந்து மறைகிறது. கம்பு தோளைத் தொட்டதா, எதிர்க்கம்பால் தடுக்கப்பட்டதா என்பது அரங்கின் ஓரத்தில் அமர்ந்திருப்பவருக்குத் தெரிவதில்லை. நடுவர் புள்ளி அறிவித்த பிறகே கைதட்டல் எழுகிறது. காண்போர் ஆட்டத்தைக் காணவில்லை, அறிவிப்பைக் கேட்கின்றனர்.

பழைய முறையில் இதற்குத் தீர்வு இருந்தது. கம்பின் நுனியில் நிறப்பொடி தோய்த்துப் பொருதனர். தொட்ட இடத்தில் அடையாளம் பதிந்தது. நெற்றியில் பதிந்த பொட்டு உயர்ந்த வெற்றியாகக் கருதப்பட்டது. ஆட்டம் முடிந்தபின் எதிராளியின் உடலே மதிப்பெண் பட்டியலாயிற்று. அதனைப் படிக்க நடுவரின் துணை தேவைப்படவில்லை.

பிறநாட்டுக் கலைகளின் பட்டறிவு

கண்ணுக்கு எட்டாத தொடுதல் சிலம்பத்திற்கு மட்டும் உரிய சிக்கலன்று. ஐரோப்பிய வாள்வீச்சு இதே இடர்ப்பாட்டை எதிர்கொண்டு, மின்கருவியால் தொடுதலைக் காட்டும் முறையை மேற்கொண்டது. ஒலிம்பிக்கில் 1936இல் எப்பே பிரிவிலும், 1956இல் ஃபாயில் பிரிவிலும், 1992இல் சேபர் பிரிவிலும் அம்முறை நடைமுறைக்கு வந்தது. தொடுதல் நிகழ்ந்தவுடன் விளக்கு எரிவதால் நடுவரும் காண்போரும் அதனை ஒரே நேரத்தில் அறிகின்றனர்.

சப்பானியக் கெண்டோ கலை கருவியை நாடாமல் வேறு வழியைக் கைக்கொண்டது. மூன்று நடுவர்கள் சிவப்பு, வெள்ளைக் கொடிகளை ஏந்தி நிற்கின்றனர். அடி செல்லும் எனக் கருதும் நடுவர் உரிய கொடியை உயர்த்துகிறார். மூவரின் ஒப்புதலும் மறுப்பும் அரங்கம் முழுவதற்கும் தெரிகின்றன. வென்றவர் களத்திலேயே ஆர்ப்பரித்தால் அப்புள்ளியை நீக்கவும் விதி இடம்தருகிறது. புலப்படும் தீர்ப்பும் அடக்கமும் அங்கு ஒருங்கே காக்கப்படுகின்றன. செலவு மிகுந்த கருவி இன்றியே தீர்ப்பைப் பொதுக்காட்சியாக்க முடியும் என்பதற்கு இது சான்று.

வட்டாரக் காண்போர்

அரியலூர் மாவட்டத்தின் பேரூராட்சிகளுள் ஒன்று வரதராஜன்பேட்டை. முந்திரி விளையும் ஆண்டிமடம் வட்டாரத்தைச் சேர்ந்தது. அரியலூர் அரசு கலைக் கல்லூரி உள்ளிட்ட இம்மாவட்டக் கல்லூரிகள் திருச்சிராப்பள்ளியில் 1982இல் தோன்றிய பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. நக்கண்ணையாரின் பெயரில் உள்ள கோழி என்பது அத்திருச்சியின் பகுதியாகிய உறையூரே. ஆமூரில் இரு சாராராய்ப் பிரிந்து நின்ற காண்போரைப் பாடிய புலவரின் ஊரும், வரதராஜன்பேட்டை மாணவர் பங்கேற்கத்தக்க பல்கலைக்கழகப் போட்டியும் இவ்வாறு ஒரே நிலப்பரப்பில் அமைகின்றன.

இத்தகைய பேரூர்களிலிருந்து களத்திற்கு வரும் காண்போர் இரு வகையினர். விழா ஊர்வலங்களில் பறையொலிக்கேற்பக் கம்பு சுழல்வதைச் சிறுவயது முதல் கண்டவர்கள் ஒரு வகை. வாத்தியார் எவர், வரிசை எது என்பதை அவர்கள் காலடியைக் கொண்டே உய்த்துணர்வர். உடன்பயிலும் மாணவருக்காக முதன்முறை வந்து அமர்பவர்கள் மற்றொரு வகை. முன்னவர் கலையறிந்து சுவைப்பவர். பின்னவர் சார்பினால் சுவைப்பவர். பல்கலைக்கழக அரங்கில் இவ்விரு வகையினரும் அருகருகே அமர்கின்றனர். முன்னவரின் அறிவு பின்னவரை அடைய வழியிருந்தால், ஒருநாள் சார்பு நீடித்த ஈடுபாடாக வளரும். வழியில்லையேல், எளிதில் புலப்படும் அலங்கார வீச்சுக்கே கைதட்டல் பெருகும். கைதட்டலைப் பின்பற்றியே பயிற்சியும் செல்லும். அந்நிலையில் போர்ச் சிலம்பம் தேய்ந்து காட்சிச் சிலம்பம் மட்டும் எஞ்சும் இடருண்டு.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. தற்காப்புக் கலைப் போட்டியின் ஈர்ப்பு வன்முறையில் இல்லை. அலையானது நெறியினால் விளையாட்டாக மாறி, வெகுளிக்குரிய செயல் உவகைக்குரியதாவதில் அது அமைகிறது.

2. காண்போரின் சார்பு சங்க காலம் முதல் களத்தின் இயல்பாக உள்ளது. அதனை விலக்க வேண்டுவதில்லை. சார்புடையோர் இரு திறத்தாரும் ஏற்கத்தக்கவாறு தீர்ப்பு கண்ணுக்குப் புலப்படுதலே தேவை.

3. தொடுமுறையில் நிறப்பொடி முறையை மீட்டெடுத்தலோ, கெண்டோவைப் போல் நடுவர் மூவர் கொடி உயர்த்தும் முறையை மேற்கொள்ளுதலோ கல்லூரி அளவில் எளிதில் இயலும்.

4. சாத்தந்தையார் பிடியைப் பிரித்துக் காட்டியதுபோல், வீடு, வெட்டு, தடுப்பு என்னும் கலைச்சொற்களோடு ஆட்டத்தை விளக்கும் தமிழ் வருணனையாளர் ஒருவர் களத்தில் இருத்தல் வேண்டும். இப்பணிக்குத் தமிழ்த்துறை மாணவர்களையும் ஊர்ச் சிலம்ப வாத்தியார்களையும் இணைத்துப் பயன்கொள்ளலாம்.

சிலம்பத்திற்கு அரசின் ஏற்பு கிடைத்துவிட்டது. காண்போரின் ஏற்பு ஒவ்வொரு களத்திலும் புதிதாகப் பெறவேண்டிய ஒன்று. பனையைச் சார்ந்து நின்ற நக்கண்ணையாருக்கு வெற்றி தன் கண்ணாலேயே தெளிந்தது. அத்தெளிவு பல்கலைக்கழக அரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் கிடைக்குமாறு போட்டி நெறிகள் அமைதல் வேண்டும்.