மழைக்கால இறால் குட்டை: சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்கும் முன்

ஐப்பசி மழை இறங்கத் தொடங்கிவிட்டது. நாகை, மயிலாடுதுறை, கடலூர் கடலோரத்தில் குட்டையில் வனாமி இறால் விட்டிருப்பவர்கள் இந்த வாரம் முதலில் பார்க்க வேண்டியது கரையை. சுண்ணாம்பு வாங்குவது அதற்கு அடுத்த வேலை.

மழை பெய்த மறுநாள் பிஎச் இறங்கினால், மழைத் தண்ணீர் புளிப்பு என்பதால்தான் என்று பலரும் சொல்வார்கள். காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வருவதால் மழைநீரின் பிஎச் சுமார் 5.6 என்பது உண்மைதான். ஆனால் அந்தப் புளிப்பின் அளவு மிக அற்பம். ஒரு ஏக்கர் குட்டை, 1.2 மீட்டர் தண்ணீர், மொத்தக் காரத்தன்மை 120 பிபிஎம், உப்பு 15 பிபிடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 100 மில்லிமீட்டர் மழை பெய்து, சொட்டும் வெளியேறாமல் நின்றாலும் காரத்தன்மை 111க்கும் உப்பு 14க்கு அருகிலும்தான் வரும். இதனால் மட்டும் பிஎச் விழுந்துவிடாது.

விழவைப்பவை வேறு. வெட்டிப் போட்ட கறுப்புக் களியில் கரை கட்டியிருந்தால், அது காற்றுப் பட்டு அமிலமாகியிருக்கலாம். அந்த அமிலத்தை மழை கழுவிக் குட்டைக்குள் இறக்கும். நாலு நாள் வெயில் இல்லாமல் பாசி மடிந்தால் கரியமில வாயு தண்ணீரிலேயே தங்கும். பிஎச்சும் ஆக்சிஜனும் சேர்ந்தே இறங்கும். மழைநீர் கனம் குறைவு என்பதால் உப்புத் தண்ணீரின் மேல் தனிப் படலமாக நிற்கும். மேலே மொண்டு அளந்தால் அந்தப் படலத்தின் பிஎச்தான் காட்டும்.

ஆகவே இப்போதே உட்புறக் கரைச் சரிவில், வெள்ளையாகத் தெரியும் அளவுக்கு விவசாயச் சுண்ணாம்பை, அதாவது சுண்ணாம்புக்கல் தூளை, தூவி வையுங்கள். மதகில் மேல் பலகையைக் கழற்றி, வலை போட்டு, மேல் தண்ணீர் மட்டும் வடிய வழி செய்யுங்கள். மழை பெய்யும்போது ஏரேட்டரை நிறுத்தாதீர்கள். மின்சாரம் போகும் காலம் இது, ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். தீவனத்தைக் குறையுங்கள், எவ்வளவு என்பதைச் செக் ட்ரே சொல்லும்.

இனி சுண்ணாம்புக் கணக்கு. பிஎச் எண்ணை மட்டும் வைத்து அளவு போடுவதுதான் நம் பண்ணைகளில் அதிகம் நடக்கும் தவறு. அதே ஒரு ஏக்கர் குட்டையில் எதுவும் கரையாத சுத்தத் தண்ணீர் நின்றால், பிஎச்சை 6லிருந்து 8க்கு ஏற்ற நீற்றிய சுண்ணாம்பு அரைக் கிலோ கூட வேண்டாம். நிஜக் குட்டையில் மூட்டைக் கணக்கில் போகிறது. கரியமில வாயு, பைகார்பனேட், அடிச்சேறு எல்லாம் அதைத் தின்கின்றன. அதனால் மீட்டரோடு காரத்தன்மை சோதனைப் பெட்டியும் கையில் இருக்க வேண்டும். காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும், மேலிருந்து அல்லாமல் நடுத் தண்ணீரில் அளவெடுங்கள். இரண்டுக்கும் இடையே பிஎச் 0.5க்கு மேல் ஆடினால் பிஎச்சைப் பிடித்து நிறுத்தும் சக்தி தண்ணீரில் போதவில்லை.

காரத்தன்மை 100க்கு மேல் இருந்தும் காலை பிஎச் தாழ்ந்திருந்தால், குற்றவாளி பெரும்பாலும் கரியமில வாயு. அதற்கு ஏரேட்டர்தான் முதல் மருந்து. காரத்தன்மையே குறைந்திருந்தால் மட்டும் கணக்குப் போடுங்கள்.

ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதை 1.2 மீட்டர் ஆழத்தால் பெருக்கினால் 4,856 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு ஒரு கிராம் போட்டால் 1 பிபிஎம்; ஆக இந்தக் குட்டைக்கு 1 பிபிஎம் என்றால் 4.86 கிலோ. காரத்தன்மையை 1 பிபிஎம் ஏற்ற நீற்றிய சுண்ணாம்பு 0.74 பிபிஎம், சோடியம் பைகார்பனேட், அதாவது ஆப்ப சோடா, 1.68 பிபிஎம் தேவை. 20 பிபிஎம் ஏற்ற வேண்டுமானால் நீற்றிய சுண்ணாம்பு 72 கிலோ, சோடா 163 கிலோ. விலையைப் பார்த்தால் சுண்ணாம்புதான் கை கொடுக்கும். ஆனால் சோடா பிஎச்சை 8.3 அளவுக்கு மேல் தள்ளாது, சுண்ணாம்பு தள்ளும். விவசாயச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கொட்டி உடனடிப் பலன் எதிர்பார்க்காதீர்கள். அது மெதுவாகக் கரையும், பிஎச் 8.3ஐத் தாண்டிய தண்ணீரில் அநேகமாகக் கரையவே கரையாது. அதன் இடம் கரையும் அடிமண்ணும்தான்.

நீற்றிய சுண்ணாம்பு பிஎச்சை 8.3க்கு மேல் தள்ளினால் என்ன ஆகும்? அம்மோனியாவில் விஷமான பங்கு பிஎச்சோடு ஏறுகிறது. 30 டிகிரி வெப்பத்தில், நன்னீர்க் கணக்குப்படி, பிஎச் 8ல் அது நூற்றுக்கு ஏழு பங்கு அளவு. 9ல் நாற்பதைத் தாண்டிவிடும். உவர்நீரில் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். பாசி மடிந்த குட்டையில் அம்மோனியா ஏற்கெனவே ஏறியிருக்கும். அங்கே ஒரே மூச்சில் 72 கிலோவைக் கொட்டுவது பிஎச்சைக் காப்பாற்றி இறாலைக் கொல்லும் வைத்தியம்.

அதனால் வாளிச் சோதனை செய்துவிட்டு இறங்குங்கள். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 10 கிராம் நீற்றிய சுண்ணாம்பைக் கலக்குங்கள். மூன்று வாளிகளில் தலா 10 லிட்டர் குட்டைத் தண்ணீர் எடுத்து, கரைசலை நன்றாகக் குலுக்கி (சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும்), 5, 10, 15 மில்லி விடுங்கள். அவை முறையே 5, 10, 15 பிபிஎம். ஒரு மணி நேரம் கழித்து அளந்து, பிஎச் 8.3ஐத் தாண்டாத வாளியைப் பிடித்துக்கொள்ளுங்கள். 10 பிபிஎம் சரி என்று தெரிந்தால் குட்டைக்கு 49 கிலோ வரும். அதில் பாதியை மட்டும், இரவு பத்து மணிக்கு மேல், பெரிய டிரம்மில் கரைத்து ஏரேட்டர் ஓடும்போது பரவலாகத் தெளியுங்கள். மறுநாள் காலை பிஎச்சும் காரத்தன்மையும் பார்த்த பிறகே மீதி. வெயில் ஏறி பிஎச் உச்சத்தில் நிற்கும் பிற்பகலில் போடவே கூடாது.

மூட்டையில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். ஒரு சிட்டிகையைக் குடிதண்ணீரில் கலக்கி மீட்டரை வையுங்கள். நல்ல நீற்றிய சுண்ணாம்பானால் பிஎச் 12க்கு அருகில் காட்டும். 9, 10 என்று நின்றால் கையில் இருப்பது வெறும் சுண்ணாம்புக்கல் தூளோ டோலமைட்டோதான். மேலே போட்ட கணக்கு அதற்குப் பொருந்தாது.

கரைப்பவர் கையுறையும் கண்ணாடியும் போட்டிருக்க வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். சுட்ட சுண்ணாம்பானால் கொதித்துத் தெறிக்கும். தண்ணீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடுங்கள், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கண்ணில் பட்டுவிட்டால் பதினைந்து நிமிடமாவது நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.