டயர் ஏன் உருகாது?

பிளாஸ்டிக் குடத்தை உருக்கி மறுபடி குடம் செய்கிறார்களே, லாரி டயரை ஏன் அப்படிச் செய்வதில்லை?
– வாசகர், சுங்குவார்சத்திரம்

உருகினால்தானே செய்ய! குடத்தின் பாலித்தீனில் நீண்ட கார்பன் சங்கிலிகள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றுக்கிடையே வெறும் பலவீனமான ஈர்ப்புதான். 130 டிகிரி வாக்கில் வழுக்கி நகர்ந்துவிடும். டயர் அப்படியல்ல. உங்கள் பக்கத்து ஓரகடத்தில் 2010 முதல் ஓடும் அப்போலோ ஆலையானாலும் வேறெதுவானாலும், கந்தகம் கலந்த ரப்பரை அச்சில் வைத்து வேகவைத்தே ஆகவேண்டும். அப்போது கந்தக அணுக்கள் சங்கிலிகளைக் குறுக்கே தைத்துவிடுகின்றன. தைத்தபின் வழுக்க இடமேது? சூடேற்றினால் கருகும், உருகாது.

கந்தகப் பிணைப்பு கார்பன் பிணைப்பைவிட வலுக்குறைந்தது, அதை மட்டும் அறுக்கலாமே என்பீர்கள். ரீகிளெய்ம் ரப்பர் ஆலைகள் முயல்வது அதைத்தான். ஆனால் வெப்பத்துக்கு அவ்வளவு குறிபார்க்கத் தெரியாது. கார்பன் சங்கிலியும் சேர்ந்து அறுபடும். அதனால் அந்த ரப்பர் மிதியடிக்குச் சரி, புது டயரில் கொஞ்சமாகக் கலக்கலாம், அவ்வளவே. பழைய டயரிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்களே என்றால், அது உருக்குவதல்ல, சங்கிலியையே துண்டுதுண்டாக்குவது. டயரின் உடல் நன்றாயிருந்தால் தேய்ந்த மேல்பட்டையைச் சுரண்டி ரீட்ரெட் போடுங்கள், காசும் மிச்சம்.