சுருள்முடிக்கு விக்கா, சவுரியா?

ரிலாக்ஸர் போட்டு முடியை நேராக்குவதை விட்டுவிட்டு, பிறவிச் சுருளோடு வளர்க்கும் கறுப்பினப் பெண்கள் அமெரிக்காவில் இன்று ஏராளம். அவர்களே விக்கும் வைத்துக்கொள்கிறார்கள், சவுரியும் சேர்த்துப் பின்னுகிறார்கள். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. இறுகச் சுருண்ட முடியில் மண்டையின் எண்ணெய்ப் பசை நுனிவரை இறங்காது. முடி வறண்டு, வளைவுகளில் ஒடியும். சில வாரம் சீப்பு படாமல் மூடி வைத்தால் வளர்ந்த நீளம் தங்கும். மூடி வைக்கும் முறையே முடியைப் பிடுங்கிவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே கடைக்குப் போகுமுன் நெற்றியோரத்தையும் காதோரத்தையும் கண்ணாடியில் பார்த்துவிடுவது நல்லது. அங்கே முடி மெலிந்திருந்தால், இழுவையால் வரும் முடியிழப்பு தொடங்கியிருக்கலாம். இழுவையை உடனே நிறுத்தினால் முடி பெரும்பாலும் திரும்ப முளைக்கும். வருடக்கணக்கில் நீடித்தால் வேர்க்கால் தழும்பாகிவிடும், பிறகு முளைக்காது. உச்சந்தலையில் தொடங்கிப் பரவும் வழுக்கை வேறு நோயாக இருக்கலாம். அதற்கு விக் தேடுவதற்கு முன் தோல் மருத்துவரைத் தேட வேண்டும்.

நெற்றியோரம் மெலிந்தவருக்கு என் ஓட்டு விக்குக்கே, அதிலும் பசையில்லாத விக்குக்கு. எலாஸ்டிக் பட்டையில் நிற்கும் இதை இரவில் கழற்றி வைக்கலாம். மண்டையைக் கழுவலாம், எண்ணெய் தொடலாம். மெல்லிய வலையில் முடி கோத்த லேஸ் விக்கைப் பசையால் ஒட்டினால் நெற்றியில் முளைத்த முடி போலவே தெரியும், உண்மைதான். ஆனால் பிய்த்தெடுக்கும்போது எந்த முடியைக் காப்பாற்ற நினைத்தோமோ அதுவே பசையோடு வந்துவிடுகிறது. விக்குக்கு அடியில் மண்டையோடு ஒட்டிப் போடும் கார்ன்ரோ பின்னல் நன்றாகக் காய்ந்திருக்கட்டும், தளர்வாகவும் இருக்கட்டும்.

நெற்றியோரம் திடமாக இருந்து, நீச்சல், பயணம் என்று அலைபவருக்கு, தலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துச் சவுரி சேர்த்துப் பின்னும் பாக்ஸ் பிரெய்டு பொருந்தும். பின்னி முடிக்க ஒரு பகலே போய்விடும். பிறகு பல வாரம் கவலையில்லை. அடியில் முடிச்சு இல்லாத 'நாட்லெஸ்' பின்னலுக்குக் கூலி அதிகம், நேரமும் அதிகம். சொந்த முடியில் தொடங்கி, சவுரியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதால் வேரில் இழுவை குறையும். அந்தக் கூலியைக் கொடுக்கலாம். இடுப்புவரை நீளம் கேட்பவர் எடையையும் சேர்த்தே கேட்கிறார். பின்னிய இரவு வலித்தால் "பழகிவிடும்" என்று பின்னுபவர் சொல்வதை நம்பாமல் அவிழ்த்துவிட வேண்டும். செயற்கை இழை சிலருக்கு அரிக்கும் என்பதால் வினிகர் கலந்த தண்ணீரில் முன்கூட்டியே அலசுவார்கள். அலசல் எல்லாவற்றையும் போக்கிவிடாது: 2025இல் அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் சோதித்த செயற்கைப் பின்னல்முடிகளில் பெரும்பாலானவற்றில் ஈயம் இருந்தது.

கார்ன்ரோ மேல் சவுரிப் பட்டையை ஊசிநூலால் தைக்கும் வீவ், 1950களில் சிகையலங்காரர் கிறிஸ்டினா ஜென்கின்ஸ் காப்புரிமை பெற்ற முறை. இதற்கான மனித முடியில் ஒரு பங்கு நம் பக்கத்திலிருந்து போகிறது. திருப்பதியில் மொட்டை போட்ட முடி ஏலத்தில் விலைபோய், தரம் பிரிக்கப்பட்டு, அமெரிக்கக் கடைகளில் 'இந்தியன் ரெமி' என்று தொங்குகிறது. நகைச்சுவை நடிகர் கிறிஸ் ராக்கின் 'குட் ஹேர்' (2009) ஆவணப்படம் இந்த வழியைக் காட்டியது. வேர் முதல் நுனிவரை செதில்கள் ஒரே திசையில் இருப்பதால் இந்த முடி சிக்காது. ஆனால் அது நேர்முடி, மிஞ்சிப்போனால் அலைமுடி. பட்டையை மறைக்க வகிட்டில் வெளியே விடும் சொந்தச் சுருளை அதோடு இணங்க வைக்க அடிக்கடி சூடான இரும்பு தேவைப்படும். சூடு தொடர்ந்தால் சுருள் ஒருநாள் திரும்பாமலே போகலாம். எனவே வீவ்தான் வேண்டும் என்றால் தன் சுருளுக்கு ஒத்த முடியை வாங்குவது, இல்லையென்றால் சொந்த முடி வெளியே தெரியாதபடி குளோஷர் என்னும் உச்சித் துண்டை வைத்து மூடிவிடுவது நல்லது. ஒரு கல்யாணத்துக்கு மட்டும் என்றால் கிளிப் சவுரி போதும், படுக்குமுன் கழற்றிவிட்டால்.

பின்னலானாலும் வீவானாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் அவிழ்த்து, தலைக்குச் சில நாள் ஓய்வு தர வேண்டும். அவிழ்க்கும் நாளில் கைநிறைய முடி வந்தால் பதற வேண்டாம். நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லாருக்கும் இயல்பு. பின்னலுக்குள் அது விழ வழியில்லாமல் சேர்ந்திருக்கும். ஒரு முனையில் வெள்ளையாகச் சிறு குமிழ் இருந்தால் தானாக உதிர்ந்தது. குமிழில்லாத குட்டைத் துண்டுகளே அதிகமென்றால் ஒடிந்தது. அடுத்த முறை விக்.