கணனி இயங்க மறுத்தால்

சங்கக் கணக்கும் காணி உறுதிப் பிரதிகளும் உள்ள பழைய கணனி ஒருநாள் இயங்காது விட்டால் வயிறு கலங்கத்தான் செய்யும். பெட்டியைப் பழைய இரும்புக்குக் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

முதலில் மின்சாரம் வருகிறதா என்று பார்ப்போம். சுவர் ஆளியைப் போடாமலே பெட்டியைக் கழற்றி ஒரு மணித்தியாலம் தேடிய அனுபவம் எமக்கும் உண்டு! சில பழைய பெட்டிகளின் பின்புறம் 115, 230 என்றெழுதிய சிறு ஆளி இருக்கும். எமது நாட்டுக்கு 230. 115இல் விட்டு மின்சாரம் கொடுத்தால் மின்வழங்கி எரிந்துவிடும்.

விசிறி சுற்றுகிறது, திரை இருட்டாகவே இருக்கிறது, 'பீப்' ஒலி கேட்கிறது என்றால் 'றாம்' என்னும் நினைவகத் தகட்டைச் சந்தேகிக்கலாம். மின்வயரைக் கழற்றி, பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்ட பின், தகட்டை எடுத்து அதன் பொன்னிற விளிம்பை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தூரிகையால் தட்டி, 'கிளிக்' என்னும்வரை அழுத்திப் பூட்டவும். தூசிக்குள் கிடந்த பெட்டிகள் பல இதனாலேயே எழும்பிவிடும்.

மின்வழங்கியை மட்டும் திறக்கக் கூடாது. வயரைக் கழற்றிய பின்னும் அதற்குள் மின் தங்கியிருக்கும்.

எதற்கும் எழும்பாவிட்டாலும் பதிவுகள் இருப்பது வன்தட்டில்தான். அது பழுதாகாதிருந்தால், கழற்றி, அடிபடாமல் கொண்டுபோய், அது பொருந்தக்கூடிய வேறொரு கணனியில் பூட்டி உறுதிப் பிரதிகளை எடுத்துவிடலாம்.