வில்லை இழுக்கும் முன்

ஒரு சனிக்கிழமைக் காலை. திடலில் வில்வித்தைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. தன் மூன்று அம்புகளையும் எய்து முடித்த முதலாம் படிவ மாணவன் ஒருவன், அவற்றை எடுத்துவர இலக்குப் பலகையை நோக்கி ஓடினான். இரண்டு இடம் தள்ளி நின்ற மாணவி இன்னும் நாணை இழுத்துப் பிடித்திருந்ததை அவன் கவனிக்கவில்லை. "நிறுத்து!" என்று ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் என்னுடையது அல்ல. பின்னால் தன் முறைக்காகக் காத்திருந்த மூன்றாம் படிவ மாணவியுடையது. வில்லைப் பிடித்திருந்தவள் அம்பை விடாமல் மெதுவாகக் கையை இறக்கினாள். ஒன்றும் ஆகவில்லை.

நான் அப்போது குனிந்து வேறொரு வில்லைச் சரிசெய்துகொண்டிருந்தேன். தவறு என்னுடையதுதான். கோட்டில் ஒரு வில் உயர்ந்திருந்தாலும் பொறுப்பாளரின் கண் வேறெங்கும் போகக் கூடாது. அன்றிரவு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள்.

நாணை முழுதாக இழுத்து நிற்கும்போது விரல்களில் 20 பவுண்டு விசை விழுவதாக வைத்துக்கொள்வோம். இது ஏறத்தாழ 89 நியூட்டன். நாண் 45 சென்டிமீட்டர், அதாவது 0.45 மீட்டர் பின்னால் வருகிறது. இழுக்கத் தொடங்கும்போது விசை சுழியம், முடிவில் 89. ஆகவே சராசரி விசையை அதில் பாதி என்று கொள்ளலாம். பாதியை 0.45ஆல் பெருக்கினால் வில்லில் சேர்ந்த மீள்திறன் நிலையாற்றல் சுமார் 20 ஜூல். வில்லின் கைகளும் நாணும் தாமே அசைவதற்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அம்புக்கு 70 விழுக்காடு போய்ச் சேர்கிறது என்று வைத்தால் 14 ஜூல். அம்பின் நிறை 16 கிராம் என்றால் அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 42 மீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டர்! நெடுஞ்சாலையில் கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட வேகத்தைவிட அதிகம். இத்தனைக்கும் இது பெரியவர்களின் வில் அல்ல, உங்கள் வயதுக்காரர்கள் பழகும் வில்.

14 ஜூல் என்பது பெரிய ஆற்றலா? இல்லை. வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வரும் காற்பந்திலும் கிட்டத்தட்ட அதே ஆற்றல்தான் இருக்கிறது. அதை நீங்கள் நெஞ்சில் வாங்கிக் கீழே இறக்கி, சிரித்துக்கொண்டே ஆட்டத்தைத் தொடர்கிறீர்கள். வேறுபாடு பரப்பளவில் இருக்கிறது. பந்து நெஞ்சில் பட்டு அழுந்தும் வட்டத்தின் விட்டம் 12 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அம்பின் தண்டு 6 மில்லிமீட்டர். விட்டம் 20 மடங்கு குறைகிறது என்றால் பரப்பளவு 400 மடங்கு குறைகிறது. முனை கூராக இருப்பதை இன்னும் நாம் கணக்கில் சேர்க்கவே இல்லை. மழுங்கிய பயிற்சி அம்புதானே என்று சொல்பவர்களுக்கு இந்த 400ஐ நினைவூட்டுங்கள்.

இனி நேரம். 18 மீட்டர் தொலைவைக் கடக்க அந்த அம்புக்கு 0.43 வினாடி போதும். கண்ணால் கண்டு உடல் அசையத் தொடங்கவே நமக்குக் கால் வினாடி வேண்டும். அந்தச் சிறுவனோ பாதி வழியில், வில்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினான். அம்பு நாணை விட்ட பிறகு அவனை யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது. இந்த விளையாட்டில் பாதுகாப்பு என்பது முழுக்க முழுக்க அம்பை விடுவதற்கு முன்னால் நடக்க வேண்டிய வேலை.

அதனால்தான் போட்டிகளில் எல்லாம் விசிலுக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. இரண்டு முறை ஊதினால் எய்யும் கோட்டுக்கு வரலாம். ஒரு முறை ஊதினால் எய்யத் தொடங்கலாம். மூன்று முறை ஊதினால்தான் எல்லாரும் ஒன்றாக நடந்துபோய் அம்புகளை எடுக்க வேண்டும். நடந்து, ஓடி அல்ல. பலகையில் குத்தி நிற்கும் அம்புகளின் பின்முனைகள் உங்கள் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும். தடுக்கி விழுந்தால் கண் போய்விடும். அம்பைப் பிடுங்கும்போதும் நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. ஐந்து முறையும் அதற்கு மேலும் ஊதினால் ஆபத்து என்று பொருள், உடனே நிறுத்த வேண்டும். விசில் பயிற்றுநர் கையில் இருக்கலாம். ஆனால் ஆபத்தைக் கண்டவர் யாராக இருந்தாலும் "நிறுத்து" என்று கத்தலாம், கத்தவும் வேண்டும். முதல் நாளே வந்து சேர்ந்த ஆகச் சிறிய பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு. அந்தக் குரல் கேட்டால் தேசிய வீரரும் வில்லை இறக்கத்தான் வேண்டும்.

அம்பு எவ்வளவு தொலைவு போகும்? 18 மீட்டரில் இருக்கும் பலகையைக் குறி வைத்தால் 18 மீட்டர்தான் போகும் என்று நினைப்பவர்கள் உண்டு. நாணை இழுக்கும்போது வில்லை வானத்தை நோக்கித் தூக்கிக்கொண்டே இழுத்து, அந்த நேரம் பார்த்து விரல் நழுவிவிட்டால்? 45 பாகைக் கோணத்தில் புறப்படும் அம்பு போகும் தொலைவு, வேகத்தின் இருமடியைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் வரும். நம் அம்புக்கு இது ஏறத்தாழ 178 மீட்டர். காற்றுத் தடை கொஞ்சம் குறைக்கும், ஆனாலும் ஒரு காற்பந்துத் திடலை நீளவாக்கில் தாண்டிவிடும். எங்கள் கோலா கிளாவாங் பக்கம் திடலுக்குப் பின்னால் ரப்பர் மரங்களோ செம்பனையோ இருக்கும். பார்வைக்கு ஆள் நடமாட்டம் தெரியாது. ஆனால் உள்ளே பால் வெட்டுபவர் இருப்பார், குலை அறுப்பவர் இருப்பார், குறுக்கு வழியில் வீட்டுக்குப் போகும் உங்கள் தம்பியும் இருக்கலாம். வில்லை நெஞ்சு மட்டத்தில், இலக்கை நோக்கியபடியே இழுக்கச் சொல்வது அழகுக்காக அல்ல.

அடுத்தது பலரும் கவனிக்காத ஒன்று, அதாவது உங்கள் உயரம். பதின்ம வயதில் கைகள் வேகமாக நீள்கின்றன. இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அளந்து 2.5ஆல் வகுத்தால், நாணை எவ்வளவு இழுப்பீர்கள் என்பது தோராயமாகக் கிடைக்கும். 145 சென்டிமீட்டர் கைவிரிவு உள்ளவர் 58 சென்டிமீட்டர் இழுப்பார். அடுத்த ஆண்டு கைவிரிவு 155 ஆகிவிட்டால் 62. போன ஆண்டு சரியாக இருந்த அதே அம்பு இப்போது 4 சென்டிமீட்டர் குட்டை! அம்பின் முனை வில்லைத் தாண்டி உள்ளே வந்து, தாங்கியிலிருந்து விழுந்துவிட்டால், நாணை விட்டதும் அது வில்லைப் பிடித்திருக்கும் கையைத் துளைக்கக்கூடும். விசையும் மாறுகிறது. வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு பொதுவாக 28 அங்குல இழுப்புக்கு உரியது. கை நீள நீள, அதே வில் உங்களுக்குக் கனமான வில்லாகிவிடும். தோள் எலும்பின் நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டு இன்னும் முழு எலும்பாக இறுகாத வயது இது. நண்பனிடம் பெருமை காட்டக் கனமான வில்லை எடுத்து, உடம்பை முறுக்கி இழுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒவ்வொரு பள்ளித் தவணையின் தொடக்கத்திலும் கைவிரிவை அளந்து அம்பைச் சரிபாருங்கள்.

அம்பு இல்லாமல் வெறும் நாணை இழுத்து விடும் பழக்கமும் ஆபத்தானது. அம்புக்குப் போக வேண்டிய 14 ஜூல் எங்கே போகும்? வில்லுக்குள்ளேயே திரும்பும். கைகள் விரிசல் விட்டு உடையலாம். கார்பன் அம்பு என்றால், எய்வதற்கு முன் மெல்ல வளைத்துக் காதருகே வைத்துப் பாருங்கள். நொறுங்கும் சத்தம் கேட்டால் அதைத் தூக்கி எறியுங்கள். தொங்கட்டான், கழுத்துச் சங்கிலி, முன்னால் விழும் சடை இவற்றில் நாண் சிக்கும். பயிற்சிக்கு வருமுன் கழற்றுங்கள், முடிந்துகொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் விபத்து நடந்துவிட்டால்? 2020 ஜனவரியில் இந்தியாவின் அசாம் மாநிலம் சபுவாவில், பயிற்சியின்போது 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தருகே அம்பு பாய்ந்தது. விமானத்தில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். அறுவை சிகிச்சையில் அம்பு அகற்றப்பட்டது, சிறுமி பிழைத்தாள். உள்ளே பாய்ந்த பொருள் அறுந்த இரத்தக் குழாயை ஒரு தக்கை போல அடைத்திருக்கலாம். பிடுங்கினால் தக்கை கழன்று இரத்தம் கொட்டும். ஆகவே அம்பைத் தொடாதீர்கள். அது அசையாதபடி சுற்றிலும் துணியை வைத்துத் தாங்கி, 999க்கு அழையுங்கள். கோலா கிளாவாங்கிலேயே ஜெலுபு மருத்துவமனை இருக்கிறது. சிரம்பானுக்குப் போக வேண்டி வந்தால் புக்கிட் தங்காவின் வளைவுகளில் வண்டி குலுங்கும். அப்போது அந்தத் துணிக்கட்டு எவ்வளவு முக்கியம் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. இது அறிவியல் பக்கத்துக்குரியதா என்று சிலர் கேட்கலாம். வில்வித்தையில் நிற்கும் நிலையைத் திருத்த, பயிற்றுநர் தோளையோ முழங்கையையோ தொட நேரிடும். நல்ல பயிற்றுநர் முதலில் தானே செய்து காட்டுவார். தொட வேண்டியிருந்தால், "முழங்கையைக் கொஞ்சம் உயர்த்தட்டுமா?" என்று கேட்டுவிட்டு, மற்றவர்கள் பார்க்கும் இடத்தில் தொடுவார். மார்புக் காப்பை நீங்களே அணிந்துகொள்ள விடுவார். தனியாக வரச் சொல்வது, இரவில் தனிச் செய்தி அனுப்புவது, "இது நமக்குள் இருக்கட்டும்" என்பது, இவை எதுவும் பயிற்சியில் சேராது. மலேசியாவில் 2017ஆம் ஆண்டின் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் காக்கிறது. தவறான நோக்கத்தோடு பேசிப் பழகி வசப்படுத்துவதே அதில் குற்றம். ஆசிரியரும் பயிற்றுநரும் நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர்கள் என்பதால் அவர்கள் இக்குற்றங்களைச் செய்தால் தண்டனை கூடும். என்னைப் போன்றவர்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

திடலில் "நிறுத்து" என்று கத்தும் உரிமை உங்களுக்கு இருப்பதைப் போலவே இங்கும் இருக்கிறது. எவ்வளவு பெரிய பயிற்றுநரானாலும் சொல்லலாம். அம்மாவிடமோ நம்பும் ஆசிரியரிடமோ அன்றே சொல்லுங்கள். சொல்ல ஆளில்லை என்றால் தாலியான் காசே 15999 இருக்கிறது, 24 மணி நேரமும் அழைக்கலாம்.

கணக்குப் பிடித்தவர்களுக்கு ஒன்று: விசை 24 பவுண்டு (107 நியூட்டன்), நாண் பின்வரும் தொலைவு 0.5 மீட்டர், அம்பின் நிறை 18 கிராம், அம்புக்குச் சேர்வது 70 விழுக்காடு. வேகம் என்ன? 45க்கும் 46க்கும் இடையில் வந்தால் உங்கள் விடை சரி.